கணக்கீட்டில் தனித்து ஓர் ஆய்வு: வேலை செய்துகொண்டே முதுமாணி படிப்பவர்களுக்கு

கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் பகலில் வேலை செய்துகொண்டு, வார இறுதிகளில் முதுமாணி வகுப்புகளுக்குச் சென்று, எல்லாப் பாடங்களிலும் முதல் அமர்விலேயே சித்தியடைந்துவிட்டு, ஆய்வேட்டில் மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிக்கிக்கொண்டவன் நான். பாடமென்றால் விரிவுரை இருக்கும், பரீட்சைத் திகதி இருக்கும், பக்கத்தில் இருப்பவரின் குறிப்பாவது இருக்கும். ஆய்வில் உங்களைத் துரத்துவதற்கு ஒருவரும் இல்லை. அந்த வெறுமையில் நான் இழந்த மாதங்களில் பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் பத்தாம் மட்டத்தில் வரும் முதுமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வு வேண்டும். ஆய்வில் ஒரு கிரெடிட் என்பது குறைந்தது 100 மணித்தியாலம். அதாவது 1,500 மணித்தியாலம். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் ஒதுக்குபவருக்கு அது 150 வாரம், ஏறத்தாழ மூன்று ஆண்டு. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் இந்தப் பெருக்கலைக் காட்டுங்கள். உங்கள் பாடநெறி எந்த மட்டத்தில் இருக்கிறது, அதில் ஆய்வுக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பாடநெறிக் கையேட்டில் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தரவைக் கண்ணால் கண்ட பின்பே தலைப்பு

நான் முதலில் எடுத்த தலைப்பு, குடும்பங்களின் கையிலுள்ள தனியார் கம்பனிகளில் அகக்கட்டுப்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதாகும். ஒரு கம்பனியின் நிதிப் பொறுப்பாளர் தேநீர் தந்து, "அதுக்கென்ன, தாராளமாகச் செய்யுங்கள்" என்றார். அந்த வாய்ச்சொல்லை நம்பி இலக்கிய மீளாய்வு முழுவதையும் எழுதி முடித்தேன். ஏழு மாதம் கழித்து, பணிப்பாளர் சபை அனுமதிக்கவில்லை என்று ஒற்றை வரி மின்னஞ்சல் வந்தது. வாயால் கிடைத்த சம்மதத்தை வைத்து ஆய்வு நடத்த முடியாது; கம்பனியின் கடிதத்தாளில், கையொப்பத்துடன், எந்தெந்த ஆவணத்தைப் பார்க்கலாம் என்று குறிப்பிட்டுக் கிடைத்தால் மட்டுமே அதை அனுமதி என்று எண்ணுங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தின் கணக்குகளைப் பயன்படுத்த நினைத்தாலும் இதே விதிதான்.

இந்த ஊரில் ஒரு தனி மாணவருக்கு எட்டக்கூடிய தரவு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள். முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கம்பனிகள், எல்லாம் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே உள்ளன. இரண்டாவது, அரச துறை. தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிடும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில் கூட்டுத்தாபனங்கள், உள்ளூராட்சி சபைகள் பற்றி அள்ள அள்ளக் குறையாத செய்தி இருக்கிறது. நம் மாணவர்கள் ஏனோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே இல்லாததை 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அரசின் பங்குடைமை 25 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் கம்பனிகளும் இச்சட்டத்துக்குள் வருகின்றன, வணிக இரகசியங்கள் நீங்கலாக. மூன்றாவது, மனிதர்கள்: புறக்கோட்டை வியாபாரிகள், செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள், சிறிய கணக்காய்வு நிலையங்களை நடத்துபவர்கள்.

தலைப்பைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மூன்று கம்பனிகளை எழுந்தமானமாக எடுத்து, உங்களுக்கு வேண்டிய எல்லா மாறிகளையும் எல்லா ஆண்டுகளுக்கும் உண்மையாகவே தேடி எக்செல்லில் நிரப்புங்கள். மூன்றில் ஒன்றுக்குக் கிடைக்கவில்லை என்றால், அறுபதில் இருபதுக்கும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு ஒடுங்கியதாக இருக்கட்டும். 'நிறுவன ஆளுகையும் நிதிப் பெறுபேறும்' என்ற தலைப்பில் இன்னுமொரு ஆய்வேடு இந்த நாட்டுக்குத் தேவையா என்று எனக்குத் தெரிந்த விரிவுரையாளர்களே சலித்துக்கொள்கிறார்கள். குத்தகை பற்றிய நியமம் சில்லறை வியாபாரக் கம்பனிகளின் கடன் விகிதத்தை எவ்வளவு மாற்றியது, நகைக்கடைக்காரர் எந்தக் கணக்கை எழுதுகிறார், எதை எழுதாமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்பன போன்ற கேள்விகளுக்கு ஒரு மனிதர் தனியாகவே பதில் கண்டுவிட முடியும்.

2. மேற்பார்வையாளரிடம் போவது

வெறுங்கையோடு போய், "சேர், ஒரு தலைப்புத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் தருவது அவருக்குப் பிடித்த தலைப்பாக இருக்கும். இரவு ஒரு மணிக்கு விழித்திருந்து அதனோடு மல்லுக்கட்டப் போவது நீங்கள். இரண்டு பக்கத்தில் கேள்வி, தரவு இருக்கும் இடம், மேலே சொன்ன மூன்று கம்பனிச் சோதனையின் அட்டவணை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அவர் இதுவரை மேற்பார்வை செய்த ஆய்வேடுகளைப் பீட நூலகத்தில் முன்கூட்டியே புரட்டிப் பார்த்தால், எண்சார் ஆய்வையா நேர்காணல் ஆய்வையா அவர் விரும்புகிறார் என்பது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், பேசித் தீர்மானித்தவற்றை ஐந்து வரியில் அன்றே மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். என் முதல் மேற்பார்வையாளர் நடுவில் வெளிநாடு சென்றுவிட, புதியவர் கருதுகோள்களைத் திரும்ப எழுதச் சொன்னார். முன்னவர் ஒப்புக்கொண்டதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சான்றும் இருக்கவில்லை.

3. முன்மொழிவு, நெறிமுறை அனுமதி, கடிதங்கள்

தரவு சேகரிப்பு தொடங்கிய பிறகு நெறிமுறை அனுமதியைப் பின்திகதியிட்டுப் பெற முடியாது. வெளியிடப்பட்ட ஆண்டறிக்கைகளை மட்டும் பயன்படுத்துபவருக்குப் பெரும்பாலும் சுருக்கமான விண்ணப்பமே போதும். மனிதர்களிடம் ஏதாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் முழு விண்ணப்பம் வேண்டும். அதோடு வினாக்கொத்து, தகவல் தாள், சம்மதப் படிவம் ஆகியவற்றை நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு மொழியிலும் இணைக்க வேண்டியிருக்கும். குழு எப்போது கூடுகிறது என்பதைப் பீட அலுவலகத்தில் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் பிந்தினால் நீங்கள் காத்திருக்க வேண்டியது அடுத்த கூட்டம் வரைக்கும். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதால், பெயர், தொலைபேசி இலக்கம், சம்பளம் போன்றவற்றை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பல்கலைக்கழகத்திடமிருந்து அறிமுகக் கடிதம் கேட்கும்போது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கு மட்டும் கேட்காமல், பொதுவாக 'உரியவர்களுக்கு' என்று விலாசமிட்ட கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கையில் எப்போதும் முத்திரையிட்ட மூலப்பிரதிகள் நான்கைந்து இருக்கட்டும். சில அலுவலக வாசல்களில் போட்டோ கொப்பியை ஏற்கமாட்டார்கள்.

4. ஆண்டறிக்கையிலிருந்து எண்களை எடுப்பது

பெரும்பாலானோர் இந்தப் பகுதியை எழுத்தர் வேலை என்று எண்ணி அலட்சியம் செய்கிறார்கள். என் ஆய்வு இரண்டாம் முறை கவிழ்ந்தது இங்கேதான். 60 கம்பனி, 5 ஆண்டு என்றால் 300 அறிக்கை. ஒன்றுக்கு அரை மணித்தியாலம் வைத்தாலும் 150 மணித்தியாலம்.

நம் நாட்டு ஆண்டறிக்கைகளில் குழுமத்துக்கு ஒரு நிரலும் கம்பனிக்கு ஒரு நிரலும் அருகருகே இருக்கும். களைப்பில் நான் சிலவற்றுக்குக் குழும எண்ணையும் சிலவற்றுக்குக் கம்பனி எண்ணையும் எடுத்திருந்தேன். சில அறிக்கைகள் ஆயிரம் ரூபாயிலும் சில மில்லியன் ரூபாயிலும் இருந்ததைக் கவனிக்காமல் விட்டது வேறு. பகுப்பாய்வில் ஒரு சிறிய தோட்டக் கம்பனி நாட்டின் மிகப் பெரிய நிறுவனமாக வந்து நின்றபோதுதான் பிழை தெரிந்தது. ஆறு வாரம் திரும்ப இருந்து பதிந்தேன். ஆகவே எக்செல் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று கலங்கள் வையுங்கள்: குழுமமா கம்பனியா, அலகு என்ன, அறிக்கையின் எத்தனையாம் பக்கம். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் ஏதாவது ஓர் எண்ணைத் தொட்டு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தப் பக்க எண் உங்களைக் காப்பாற்றும்.

வேலையைக் குறைக்க, ஓர் அறிக்கையில் உள்ள முன்னைய ஆண்டு ஒப்பீட்டு எண்களையும் எடுத்துக்கொண்டு ஓராண்டு விட்டு ஓராண்டு அறிக்கையைத் திறப்பவர்கள் உண்டு. முன்னைய ஆண்டின் எண்கள் மறுபடி கூறப்பட்டிருக்கலாம் என்பதால், முதலில் வெளியான எண்ணைப் பயன்படுத்துகிறீர்களா திருத்திய எண்ணைப் பயன்படுத்துகிறீர்களா என்பதை முடிவு செய்து, எல்லாக் கம்பனிகளுக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

இனி ஆண்டுகள். பெரும்பாலான கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31-இலும், வங்கிகளின் நிதியாண்டு டிசம்பர் 31-இலும் முடிகின்றன. இரண்டையும் '2022' என்ற ஒரே நிரலில் போட்டால், ஒன்று நெருக்கடி தொடங்கும்போது முடிந்த ஆண்டு, மற்றது நெருக்கடி முழுவதையும் விழுங்கிய ஆண்டு. பலர் வங்கி, நிதிக் கம்பனிகளை மாதிரியிலிருந்து விலக்குவதற்கு அவற்றின் மூலதன அமைப்பு வேறு என்பது மட்டுமல்லாமல், இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

சந்தையும் நியமங்களும் நடுவில் மாறியிருக்கின்றன. இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் 2012 ஜனவரி முதல் சர்வதேச நியமங்களோடு ஒருங்கிணைக்கப்பட்டதால், அதற்கு முன்னைய ஆண்டுகளைப் பின்னைய ஆண்டுகளோடு சேர்த்து ஒரே தொடராகக் கொள்ள வேண்டாம். நிதிக் கருவிகள் பற்றிய நியமமான எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 9 2018-இலும், குத்தகை பற்றிய நியமமான எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 16 2019-இலும் நடைமுறைக்கு வந்தன. குத்தகைகள் ஐந்தொகைக்குள் வந்ததால், ஒரு ரூபாய் கூடப் புதிதாகக் கடன் வாங்காத கம்பனியின் கடன் விகிதமும் 2019/20-இல் ஏறியிருக்கும். பங்குச் சந்தை 2020-இல் ஜிக்ஸ் எனும் துறைப் பிரிப்புக்கு மாறியது. பழைய துறைப் பெயர்களையும் புதியவற்றையும் கலந்தால் ஒரே கம்பனி இரண்டு துறைகளில் நிற்கும். 2020 மார்ச் 31 அன்று ஊரடங்கினால் சந்தை மூடியிருந்தது. அந்த நாளின் பங்கு விலையைத் தேடிக் களைக்க வேண்டாம், கிடையாது. எந்த நாளின் விலையை எடுத்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

2022 தனிக் கதை. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று வீதம் அந்த மாத இறுதியில் 300-ஐ நெருங்கியதால், வெளிநாட்டுக் கடனுள்ள கம்பனிகளின் நிதிச் செலவு ஒரே மாதத்தில் ஊதிப் பெருத்தது. அதே ஆண்டில் கம்பனி வருமான வரி 24 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகி, பிற்போடப்பட்ட வரியையும் உயர்த்தியது. இவற்றை விடப் பலருக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. 2022-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மிகைவரிச் சட்டத்தின் கீழ் பெரிய கம்பனிகள் செலுத்திய 25 சதவீத மிகைவரி, பட்டயக் கணக்காளர் நிறுவகம் வழங்கிய மாற்று வழிமுறைக்கு அமைய, ஆரம்ப நிறுத்திவைத்த வருவாயில் சரிக்கட்டப்பட்டது. இலாபநட்டக் கூற்றில் அதைக் காணமாட்டீர்கள். தேறிய இலாபத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த ஆண்டில் இக்கம்பனிகள் நெருக்கடியைத் தாக்குப்பிடித்தன என்று எழுதிவிடாமல், பங்குரிமை மாற்றக் கூற்றையும் திறந்து பாருங்கள்.

காலக்கணக்கு: பட்டியலிட்ட கம்பனிகள் ஆண்டு முடிந்து ஐந்து மாதத்துக்குள் ஆண்டறிக்கையை வெளியிட வேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு ஓகஸ்ட் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பதிவு வேலையைச் செப்டெம்பரில் தொடங்குவது போலத் திட்டமிடுங்கள்.

5. ஆட்களிடம் கேட்பது

கணக்காளர்களையும் கணக்காய்வாளர்களையும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அணுகாதீர்கள். மார்ச் மாத முடிவுக் கணக்காய்வில் அவர்கள் வீட்டுக்கே சரியாகப் போவதில்லை. நவம்பர் 30 வருமான வரி விபரத்திரட்டின் கடைசி நாள் என்பதால் நவம்பரும் பயனற்றது. ஜூலை நடுப்பகுதி தொடக்கம் ஒக்டோபர் வரைதான் நமக்குரிய பருவம்.

வினாக்கொத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தயாரித்து, வேறொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் பாருங்கள். பாடநூல் தமிழ் கடையில் செல்லுபடியாகாது. 'நிதிநிலைமைக் கூற்று' என்றால் விழிக்கும் முதலாளி 'ஐந்தொகை' என்றவுடன் இலாச்சியைத் திறப்பார். முன்னோட்டமாக ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்கும்போது இவை தெரியவரும். "நீங்கள் கணக்கேடுகளைப் பேணுகிறீர்களா?" என்று நான் கேட்டதற்கு, கணக்குக் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டே ஒரு பெரியவர் இல்லை என்றார். பிறகு மெதுவாக, "தம்பி இன்கம் டக்ஸ் ஆளோ?" என்று கேட்டார். மறுமுறை, அவருக்குத் தெரிந்த பக்கத்துக் கடைக்காரரோடு போனேன். இரண்டு மணித்தியாலம் பேசினார். புறக்கோட்டையில் பல்கலைக்கழகக் கடிதத்தை விட அறிமுகம் செய்துவைக்கும் ஆள் முக்கியம். வெள்ளி மதியமும் பண்டிகைக்கு முந்திய வாரங்களும் வேண்டாம்.

மாதிரியின் அளவுக்குக் கிரெஜ்சி, மோர்கன் ஆகியோரின் 1970-ஆம் ஆண்டு அட்டவணையை எல்லோரும் காட்டுகிறார்கள். 1,000 பேருக்கு 278 என்று அது சொல்வது, அந்த ஆயிரம் பேரின் பட்டியலிலிருந்து எழுந்தமானமாகத் தெரிவு செய்பவருக்கு. பட்டியலே இல்லாமல் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படிவத்தைப் பரப்பிவிட்டு இந்த அட்டவணையை மேற்கோள் காட்டினால், பரீட்சகர் முதலில் கை வைப்பது அதில்தான்.

6. பகுப்பாய்வு

ஆர், கிரெட்டில், ஜமோவி ஆகிய புள்ளிவிபர மென்பொருள்கள் மூன்றும் இலவசம். முதுமாணி ஆய்வுக்கு இவை போதும். களவு எடுத்த எஸ்.பி.எஸ்.எஸ். வைரசோடு வந்து என் நண்பர் ஒருவரின் மடிக்கணினியைத் தின்றது.

ஒரே ஓர் எச்சரிக்கை. இலாப முகாமைத்துவத்தை, அதாவது கணக்கீட்டுத் தெரிவுகளால் இலாபத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டுவதை அளக்க, திருத்திய ஜோன்ஸ் மாதிரியுருவைப் பலர் தெரிவு செய்கிறார்கள். துறைவாரியாக, ஆண்டுவாரியாக அட்டுறுக்களை, அதாவது காசு கைமாறாமலே இலாபத்தில் சேரும் தொகைகளைக் கணிக்கும் முறை அது. நமது சந்தையில் சில துறைகளில் நாலைந்து கம்பனிகளே இருக்கின்றன. ஐந்து புள்ளிகளை வைத்து மூன்று குணகங்களைக் கணித்தால் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. துறைகளைத் தக்க காரணத்தோடு சேருங்கள், அல்லது வேறு அளவீட்டைத் தேடுங்கள். கருதுகோள் நிறுவப்படவில்லை என்றால் கலங்கி எண்களோடு விளையாட வேண்டாம். முறை சரியாக இருந்தால் அந்த முடிவும் சித்திக்குரியதே.

7. செலவு

அச்சு, கட்டு விலைகள் அடிக்கடி மாறுவதால் தொகையை விட எண்ணிக்கையைச் சொல்கிறேன். 120 பக்க ஆய்வேட்டை நான்கு பிரதி எடுத்தால் 480 பக்கம்; பரீட்சகரின் திருத்தத்துக்குப் பின் மீண்டும் 480. வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையில் விளங்கும்படி வரைந்தால் வண்ண அச்சுச் செலவு அப்படியே மிச்சம். ஆண்டறிக்கைகளை அச்சிடவே வேண்டாம், ஒன்று இருநூறு முந்நூறு பக்கம் வரும். உள்நாட்டு ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் இலங்கைச் சஞ்சிகைத் தளம் இலவசம்.

உண்மையில் கையைச் சுடுவது காலநீட்டிப்புக் கட்டணம். பதிவுக் காலம் முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்று பாருங்கள். பதிவு காலாவதியான பின் மீள்பதிவு செய்வது இன்னும் கூடிய செலவு. பகுப்பாய்வைக் காசுக்குச் செய்து தருகிறோம் என்ற விளம்பரங்கள் கண்ணில் படும். கொடுத்தவர்களில் ஒருவர், வாய்மொழிப் பரீட்சையில் தன் ஆய்வேட்டில் இருந்த ஹவுஸ்மன் சோதனை எனும் புள்ளிவிபரச் சோதனை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுந்து வந்ததை அறிவேன்.

8. ஒப்படைத்தல்

டர்னிட்டின் ஒப்புமைச் சோதனைக்கு வரைவை வேறொருவரின் கணக்கு வழியாக ஏற்றிப் பார்க்காதீர்கள். அது களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டால், நீங்கள் பின்னர் அதிகாரபூர்வமாக ஒப்படைக்கும் பிரதி உங்கள் சொந்த வரைவோடே பொருந்தி, முழுதும் பிரதிபண்ணியது போலக் காட்டும். சோதனை வரைவைப் பீடத்தின் ஊடாகவே, களஞ்சியத்தில் சேராத அமைப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் பிரகடனம், மேற்பார்வையாளரின் சான்று, ஒப்புமை அறிக்கை, நெறிமுறை அனுமதிக் கடிதத்தின் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டு, மென்பிரதி ஆகியவை ஒன்றாகக் கேட்கப்படும். மேற்பார்வையாளர் விடுமுறையில் போகும் திகதியை ஒரு மாதம் முன்பே விசாரித்துக் கையொப்பத்தை வாங்கிவையுங்கள்.

முதல் ஒப்படைப்புக்கு மென்கட்டு போதும்; வாய்மொழிப் பரீட்சையும் திருத்தமும் முடிந்து, திருத்தங்களை ஏற்றுக்கொண்ட கடிதம் கைக்கு வந்த பின்னரே கடின அட்டைக்குக் கொடுங்கள். கட்டின் முதுகில் எந்த ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்பதையும் பீட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பதிவு செய்த ஆண்டைப் பொன்னெழுத்தில் பொறித்துக்கொண்டு போய், இறுதி ஒப்படைப்பு ஆண்டைப் போடும்படி நான்கு பிரதிகளும் திருப்பி அனுப்பப்பட்டன.